பூட்டிக் கிடக்கும் ஐந்து நாள்

“கடைசியா இங்க எப்போ சார் தங்கினீங்க?”

இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்ட முதல் கேள்வி இதுதான். கூரை ஷீட் எவ்வளவு தூரம் பறந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, கண்ணாடிக் கதவு எத்தனை மணிக்கு உடைந்தது என்பதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லத் தயாராக நின்றிருந்தார் என் நண்பர். சர்வேயருக்கு அதில் அவசரமில்லை. நண்பர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “தீபாவளிக்கு வந்தோம், மறுநாள் கிளம்பிட்டோம்” என்றார். 2022இல் தீபாவளி அக்டோபர் 24. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தில் கரையேறியது டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி. இடையில் நாற்பத்தைந்து நாள். சர்வேயர் மறுபேச்சில்லாமல் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கிளெய்ம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது என்பது நண்பருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை.

இடம் உத்திரமேரூருக்கு அருகே ஒரு கிராமம். சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு, படாளம் தாண்டி, புக்கத்துறை கூட்ரோட்டில் வலதுபக்கம் திரும்பினால் காற்றின் வாசனையே மாறிவிடும். நெல்வாய் கூட்ரோடு வரும்போது சாலையின் இருபுறமும் வயல், இடையிடையே மனைப்பிரிவு அம்புக்குறிகள், பனைமரத்தில் ஆணி அடித்த ‘ஃபார்ம் லேண்ட்’ போர்டுகள். அரை ஏக்கர் வாங்கி, வேலி போட்டு, நாலு மாங்கன்று வைத்து, நடுவில் ஒரு கன்டெய்னரை இறக்கிவிடுவது இப்போதைய நடுத்தர வர்க்கத்துக் கனவு. கொத்தனார் பின்னால் அலைய வேண்டாம், மணல் விலை பார்க்க வேண்டாம். பெட்டி ஃபேக்டரியிலேயே முழுசாகத் தயாராகி, டிரெய்லரில் ஏறி, கிரேனில் தொங்கிக்கொண்டு வந்து சேரும். நண்பருடையது வந்து இறங்கிய அன்று ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “வூடு ஆகாசத்துல வருது” என்று ஒரு பையன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இருபதடி நீளம், எட்டடி அகலம், எட்டரை அடி உயரம். வெளியே மடிப்பு மடிப்பான இரும்புத் தகடு. உள்ளே வெயில் இறங்காமலிருக்க பஃப் பேனல், அதன்மேல் மரநிறப் பலகை. ஒரு ஏசி, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், சுவரில் மடித்து வைக்கும் கட்டில். முன்பக்கம் இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்ட தாழ்வாரம். அந்தத் தாழ்வாரம்தான் மாண்டஸ் அன்று முதலில் போனது. ஷீட்டுக்கு அடியில் நுழைந்த காற்று அதைப் பெயர்த்தெடுத்து, சுழற்றி, பெட்டியின் கண்ணாடிக் கதவிலேயே திருப்பி அடித்தது. கதவு போனதும் விடியவிடிய மழை உள்ளே புகுந்தது. மெத்தை, ஃபிரிட்ஜ், மின்கம்பிகள், தரைப்பலகை எல்லாம் நாசம்.

கையில் பாலிசி இருந்தது. பிரீமியம் கட்டிய ரசீது இருந்தது. புயல் சேதம் அதில் உண்டு என்று அச்சிலேயே போட்டிருந்தது. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம்: காப்பீடு செய்த கட்டடம் குடியிருப்பாக இல்லாமல் விடுமுறை வீடாகப் பயன்பட்டிருக்கிறது.

நண்பர் கொதித்துப்போனார். “வீடுன்னா வீடுதானேய்யா? லீவுல தங்கினா என்ன, வேலைநாள்ல தங்கினா என்ன?”

அவர் கோபம் நியாயமானதாகத்தான் எனக்கும் பட்டது. பாலிசிப் புத்தகத்தை எடுத்து வரிவரியாகப் படித்த பிறகு, கோபப்பட வேண்டிய ஆள் வேறு என்று தெரிந்தது.

அவரிடம் இருந்தது ‘பாரத் கிருஹ ரக்ஷா’. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே வாசகத்தோடு கொண்டுவந்த வீட்டுக் காப்பீடு. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். உள்ளபடி சொன்னால் நல்ல பாலிசி. தீ, இடி, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடங்கும். மரம் முறிந்து விழுந்தாலும் உண்டு; தண்ணீர்த் தொட்டி வெடித்து வழிந்தாலும் உண்டு. காம்பவுண்டுச் சுவர், கேட், வேலி, சோலார் பேனல், நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி எல்லாம் கட்டடக் கணக்கிலேயே சேரும். வீட்டுச் சாமான்களுக்கு, தனியாகக் கேட்காமலே, கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு. தொகையைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி இழப்பீட்டை வெட்டும் பழைய வழக்கத்தையும் இந்தப் பாலிசி கைவிட்டுவிட்டது.

இவ்வளவும் கொடுத்துவிட்டு ஓரிடத்தில் கறாராக நிற்கிறது. கட்டடம் நீங்களோ, உங்கள் குடும்பமோ, வாடகைதாரரோ, பணியாளரோ குடியிருக்கப் பயன்பட வேண்டும். விடுமுறை வீடாகவோ, தங்கும் விடுதியாகவோ பயன்பட்டால் பணம் கிடையாது. விண்ணப்பத்தில் நண்பருக்காக எல்லாக் கட்டத்தையும் ஏஜென்ட்தான் நிரப்பியிருந்தார். ‘குடியிருப்பு’ என்ற இடத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போட மட்டும் நீட்டியிருக்கிறார். நண்பரும் செல்போனில் பேசிக்கொண்டே போட்டிருக்கிறார். அந்த டிக்கும் அந்தக் கையெழுத்தும் சேர்ந்துதான் கிளெய்மைத் தின்றன. புயல் நடுவில் வந்த சாக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விடுமுறை வீட்டின்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு? வெறுப்பெல்லாம் இல்லை, கணக்குதான். நாம் வாரக்கடைசி வீட்டை அந்த இரண்டு நாளை வைத்துப் பார்க்கிறோம்: சனிக்கிழமை இரவு கயிற்றுக்கட்டில், வயல் தவளைச் சத்தம், ஞாயிறு காலை கிணற்றுக் குளியல். கம்பெனி மீதி ஐந்து நாளைப் பார்க்கிறது. எலி கடித்த கம்பியில் பொறி பறந்தால் அணைக்க ஆளில்லை. குழாய் விட்டுப்போனால் வால்வை மூட ஆளில்லை. ஷீட்டின் ஒரு போல்ட் தளர்ந்து கடகடவென்று ஆடினால், அதைக் கேட்டு எழுந்துபோய் முடுக்க ஆளில்லை. ஆள் இருக்கிற வீட்டில் இவையெல்லாம் பத்து நிமிட வேலை. பூட்டிய வீட்டில் இவைதான் பேரிழப்பாக வளர்கின்றன.

பழைய ‘ஸ்டாண்டர்ட் ஃபயர்’ பாலிசியில் இதை இன்னும் பச்சையாகவே எழுதியிருப்பார்கள். கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டியே கம்பெனியின் ஒப்புதல் பெற்றிருந்தாலொழிய காப்பீடு அந்தக் கட்டடத்தை விட்டு விலகிவிடும். திருட்டுக்கான பாலிசிகளில் இந்த நாள் கணக்கு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. சர்வேயர் ஏன் கூரையைப் பார்க்காமல் தீபாவளியைப் பார்த்தார் என்பது இப்போது புரியும்.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தேடினால், இங்கிலாந்தில் நம் கன்டெய்னருக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். பெயர் ‘ஸ்டாடிக் கேரவன்’. கடற்கரையோரப் பூங்காக்களில் வரிசைவரிசையாக நிற்கும் தகர வீடுகள். அடியில் சட்டமும் சக்கரமும் உண்டு, ஆனால் வந்து நின்ற இடத்தை விட்டு நகர்வது அபூர்வம். இடம் பூங்காக்காரருடையது, பெட்டி நம்முடையது. ஆண்டு வாடகை கட்டி விடுமுறைக்குப் போய்வருவார்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டம் கேரவன் என்றால் என்ன என்று வரையறுத்தது: மனிதர் வாழ ஏற்றதாக இருக்க வேண்டும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்த முடிய வேண்டும். நீளம் 20 மீட்டரையும் அகலம் 6.8 மீட்டரையும் தாண்டக் கூடாது என்பது இன்றைய எல்லை. அதைக் காப்பீடு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பூங்காவோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் கேட்கும்.

அந்த ஊர்ப் பாலிசியைப் படித்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் பொறாமையும் வரும். விடுமுறைக்கு மட்டும் தங்குவார்கள் என்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு, அதன் மேல்தான் மற்ற நிபந்தனைகளை வைக்கிறார்கள். குளிர்காலத்தில் பூட்டிப் போகும்போது குழாய்களில் தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து குழாய் வெடித்த சேதத்துக்குப் பணம் இல்லை. சங்கிலி போட்டுத் தரையோடு கட்டியிருக்கிறதா என்று கேட்கிறார்கள். பழசுக்குப் புதுசு தரும் பாலிசியா, தேய்மானம் போக மிச்சத்தைத் தரும் பாலிசியா என்று முன்பே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். 1987 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் தென் இங்கிலாந்துக் கேரவன்கள் பொம்மைபோல் உருண்டதைப் பார்த்த நாடு அது. சங்கிலிக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது.

நமக்கு அந்தப் பெட்டி என்ன என்பதே தீர்மானமாகவில்லை. சக்கரம் இருந்து, வண்டியில் கட்டி இழுக்க முடிந்தால் அது டிரெய்லர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பொதுச் சாலைக்கு வந்தால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஒன்றிய அரசு 2009இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கை அறிவித்தது. கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ என்று இறங்கியது. அவை எல்லாம் சாலையில் ஓடுகிற, வாகனப் பாலிசிக்குள் வருகிற வண்டிகளை மனதில் வைத்தவை. உத்திரமேரூர் வயலில் நிற்கும் நம் பெட்டிக்கு எஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை. டிரெய்லரில் வரும்வரை அது சரக்கு. கிரேன் வயரில் தொங்கும்போதும் சரக்குதான். வழியில் கவிழ்ந்தால் அதற்கென்று தனியாக டிரான்சிட் பாலிசி எடுத்திருந்தால்தான் காசு. கீழே இறங்கி, கான்கிரீட் மேடையில் பதித்த ஆங்கர் போல்ட்டில் உட்கார்ந்த பிறகு? நிலத்தோடு நிரந்தரமாகப் பிணைந்தது அசையாச் சொத்து என்கிறது சட்டம். நட்டைத் திருகினால் வீடு, கழற்றினால் சரக்கு. இந்த இரண்டுங்கெட்டான் நிலையை விண்ணப்பத்தில் ‘வீடு’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டுத்தான் பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

வங்கி நடுவில் இருந்தால் இந்தக் குழப்பம் சீக்கிரமே வெளிப்பட்டிருக்கும். செங்கல் வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி காப்பீட்டையும் தலையில் கட்டும், கட்டுமுன் நாலு கேள்வி கேட்கும். கன்டெய்னரைப் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். கேட்க ஆளில்லை.

அந்த நட்டு விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கிளெய்மைவிட அது முக்கியம். சென்னைப் பகுதிக்குக் கட்டட வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் சுவர்மீது விழும் அழுத்தம் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். இருபதடிப் பெட்டியின் நீளப் பக்கம் சுமார் 16 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 2,400 கிலோ தள்ளுவிசை. காலிப் பெட்டியின் எடையோ 2,200 கிலோ சொச்சம். தரையோரத்தில் காற்று இந்த அளவுக்கு வராது. மரமும் வரப்பும் கொஞ்சம் தடுக்கும். மாண்டஸ் கரையேறி உள்ளே வருவதற்குள் வெகுவாக வலுவிழந்துவிட்டது. ஆனாலும் வெறும் ஹாலோ பிளாக் கல்மேல் உட்காரவைத்த பெட்டி தன் எடையை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பெயர்த்துப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நண்பருடைய பெட்டி மேடைமேல்தான் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். நாலு மூலையிலும் பேஸ் பிளேட், பிளேட்டுக்கு இரண்டு போல்ட். மூன்று மூலையில் நட்டு இருந்தது. நான்காவதில் ஒன்றில் நட்டு இருந்தது, இன்னொன்றில் மரை மட்டும் துருவேறிக் கிடந்தது. அந்தத் துருவுக்குள் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. இறக்கிய அன்று நட்டு போதாமல் ‘நாளைக்குப் போட்டுக்கலாம்’ என்று விட்டுப்போனது, மூன்று வருடமாக அப்படியே. பெட்டி அசையவில்லை, அது அதிர்ஷ்டம். தாழ்வாரத்தையோ யாரும் மேடையில் பதிக்கவே இல்லை. குழாயை மண்ணில் ஓரடி புதைத்து மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

“நான் அப்பவே சொன்னேன் சார்,” என்றார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். “காத்து வலிச்சா இது நிக்காதுன்னு. வெல்டிங் பையன் சிரிச்சிக்கினே பூட்டான்.”

துரு என்றதும் இன்னொன்று. இரும்புப் பெட்டியின் இயற்கையான சாவு துருப்பிடித்தல்தான். மழைக்காலம் முடிந்ததும் கூரை மூலைகளில் தண்ணீர் தேங்கிய இடம் கொப்புளம் போடும், வண்ணம் உரியும், ஒருநாள் பென்சிலால் குத்தினால் ஓட்டை விழும். இதற்கு எந்தப் பாலிசியும் ஒரு பைசா தராது. தேய்மானம், துரு, கரையான், எலிக்கடி எல்லாம் சொந்தக்காரர் பாடு. காப்பீடு திடீரென்று நடப்பதற்கு மட்டும்தான்.

திடீரென்று நடப்பதிலும் பழைய பாலிசிகளில் வேடிக்கையான நுணுக்கங்கள் உண்டு. ‘ஸ்டாண்டர்ட் ஃபயர்’ பாலிசிப்படி வண்டியோ மாடோ மோதிச் சேதமானால் இழப்பீடு உண்டு. ஆனால் அந்த மாடு உங்களுடையதாகவோ உங்கள் ஆட்களுடையதாகவோ இருக்கக் கூடாது. பக்கத்து வயல்காரர் மாடு முட்டினால் பணம், உங்கள் மாடு முட்டினால் பட்டை நாமம். தோட்டத்துக்கு என்று பசு வாங்கிக் கட்டும் வாரக்கடைசி விவசாயிகள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சரி, விடுமுறை வீட்டுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். வீட்டுப் பாலிசியைத் தேடிப் போகாமல் தீ விபத்துப் பாலிசி பிரிவில் போய், உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் வழி. “இரும்பு கன்டெய்னர், பஃப் பேனல் உள்சுவர், கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டது, வாரம் இரண்டு நாள் தங்குவோம், மற்ற நாள் பூட்டியிருக்கும், தோட்டத்தில் காவலாள் உண்டு.” இதை எழுத்தில் கொடுத்து, 30 நாள் நிபந்தனையைத் தளர்த்தும் ஒப்புதலைப் பாலிசியிலேயே எண்டார்ஸ்மென்டாக அச்சடித்துத் தரச் சொல்ல வேண்டும். வாய்மொழியாக ஏஜென்ட் சொல்லும் “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பிரீமியம் கூடும், சில கம்பெனிகள் வேண்டாம் என்றே சொல்லும். சொல்லட்டும். புயலுக்கு முன்பு ‘வேண்டாம்’ என்பதைக் கேட்பது, புயலுக்குப் பின்பு கேட்பதைவிட மலிவு. அவ்வப்போது வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வெளியாள் காசு கொடுத்துத் தங்கினால் அது தொழில். சிறுதொழில்களுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ போன்ற பாலிசி வேறு கதை.

வீட்டுப் பாலிசியை விட்டு இப்படி வெளியே வரும்போது அது கைவிட்ட, இழப்பீட்டை வெட்டும் அந்தப் பழைய வழக்கம் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். எட்டு லட்சம் பெறும் பெட்டியை நாலு லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், இரண்டு லட்சம் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் கிடைக்கும். பாதிதான் காப்பீடு, ஆகவே பாதிதான் இழப்பீடு. சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறையைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் போனால் வெட்டுத்தான். கிரேன் கூலி, மேடை, மின்வேலை எல்லாம் சேர்த்துத்தான் தொகையைப் போட வேண்டும். திரும்ப வாங்கும்போது அவற்றுக்கும் செலவாகுமே.

பில்லும் பட்டாவும் யார் பெயரில் என்பதில் இன்னொரு வம்பு. நிலம் மனைவி பெயரில், பெட்டி பில் மகன் பெயரில், பாலிசி அப்பா பெயரில் என்று குடும்பப் பாசத்தோடு பிரித்துவைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எரிந்துபோனால் நட்டம் யாருக்கு என்பதுதான் காப்பீட்டின் அடிப்படைக் கேள்வி. நட்டமடையாதவர் பெயரில் பாலிசி இருந்தால் அது வெறும் காகிதம்.

உத்திரமேரூரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் நினைவுக்கு வராமல் இருக்காது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைப் பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். தகுதிப் பட்டியலில் ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருந்தால் மட்டும் போதாது. சொந்த மனையில் வீடு கட்டி அதில் குடியிருக்கவும் வேண்டும். நிலம் இங்கே, குடித்தனம் வேறெங்கோ என்றால் குடத்துக்குள் ஓலை போகாது. ஊரில் இருப்பவன்தான் ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால் ஓடிவருவான் என்ற கணக்காக இருக்க வேண்டும். பதினோரு நூற்றாண்டு கழித்துச் சர்வேயர் கையில் இருந்ததும் ஏறக்குறைய அதே கேள்வி.

ஏரி என்றதும், இந்த வட்டாரத்தில் நிலம் வாங்குகிறவர்கள் காற்றைவிட அதிகம் யோசிக்க வேண்டியது தண்ணீரை. செய்யாற்றிலிருந்து கால்வாய் வழியே நிரம்பும் உத்திரமேரூர்ப் பேரேரி பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம். அதைத் தூர்வாரப் பொன் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. கொஞ்சம் வடக்கே திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் எப்படிப் பொங்கியது என்று கரையோர ஊர்களைக் கேட்டால் தெரியும். கோடையில் பார்த்தால் வெறும் கரம்பாகத் தெரியும் அழகான நிலம், ஐப்பசியில் கலங்கல் வழிந்தோடும் பாதையாக இருக்கலாம். ஏரி உட்பகுதியில், வாய்க்கால் புறம்போக்கில் பெட்டியை இறக்கிவிட்டு வெள்ளப் பாதுகாப்பு கேட்பவருக்குக் கம்பெனி முதலில் காட்டுவது கிராம நிலவரைபடமாகத்தான் இருக்கும். ஊரில் ஆடு மேய்க்கும் ஒருவரிடம் “மழையில் இங்கே தண்ணி எதுவரை நிக்கும்?” என்று கேட்டுவிட்டால், அது எந்த சர்வே ரிப்போர்ட்டுக்கும் குறைந்ததில்லை.

மின்சாரத்திலும் ஒரு கண்ணி. தோட்டத்தில் பம்ப்செட்டுக்கு இலவச விவசாய இணைப்பு இருக்கும். அதிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்துவிடுவது சுலபம், நடக்கவும் நடக்கிறது. கொடுத்த காரியத்துக்கு வேறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் மாட்டும். அந்த வயரில் தீப்பிடித்தால் அபராதம் ஒரு பக்கம், கிளெய்ம் தகராறு மறுபக்கம். வீட்டுக்கெனத் தனி இணைப்பு, எர்த் குழி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி மூன்றும் இல்லாமல் இரும்புப் பெட்டிக்குள் படுப்பதே தப்பு, காப்பீடு அப்புறம்.

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் நண்பர் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று யோசித்தார். போகலாம்தான், செலவில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறைக் கேட்பார்கள். கம்பெனியின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நியாயமில்லாமல் இழுத்தடிக்கப்பட்டவர்களுக்கு அது நல்ல கதவு. ஆனால் இவர் விஷயத்தில் விண்ணப்பத்தில் கையெழுத்து இவருடையது, நிபந்தனை அச்சில் இருக்கிறது, தீபாவளித் தேதியைச் சொன்னதும் இவரே. பாலிசியை இரண்டு தடவை படித்துவிட்டு மனுவை எழுதாமல் மடித்து வைத்துவிட்டார். ஏஜென்டோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

செலவு ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. தாழ்வாரம் இந்தத் தடவை மேடையில் பிளேட் போட்டு நின்றது. அந்த நான்காவது மூலைக்கு நட்டு வாங்க அவரே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரர் நாலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். விலை ஒரு டீக்காசு.

புதுப் பாலிசிக்கு விண்ணப்பத்தை இந்த முறை நண்பரே தன் கையால் நிரப்பினார். மாங்கன்று நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கட்டமாக உரக்கப் படித்தார். ‘ஆளில்லாமல் இருக்கும் நாட்கள்’ என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பெரியவர் பக்கத்தில் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தார்.

“ஏன் சார், ஆளில்லன்னா எழுதப்போறீங்க? நான் தெனைக்கும் ராத்திரி இங்கதானே படுத்துக்கினு இருக்கேன். நான் ஆளு இல்லியா?”

நண்பர் என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. குடியிருப்பவர்களில் பணியாளரையும் சேர்க்கிற பாலிசி இருக்கிறது. பழைய பாலிசியின் நிபந்தனையோ ‘ஆளில்லாத கட்டடம்’ என்று மட்டும் பேசுகிறது. தோட்டத்தில் படுப்பவர் கட்டடத்தில் இருப்பவராக ஆவாரா? நண்பர் அதையே ஒரு கேள்வியாக எழுதிக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பத்து நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. காவலாளியின் கட்டில் கன்டெய்னருக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

வெளியே, தாழ்வாரத்தில் இருக்கிறது. உள்ளே ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம் பெரியவருக்கு.